ஆத்திர அவசரத்துக்கு

உட்காரு தாயி. அந்த நாற்காலி ஆடும், இதுல உட்காரு. இந்த மத்தியான வெயில்ல வீடு வீடா ஏறி எறங்குறியே, உங்க மகளிர் குழுவுல உனக்கு என்ன சம்பளம் தாராக? சொல்லாட்டிப் போ. சொல்லாம இருக்கிறதும் நல்லதுதான்.

நோட்டீஸ வாசிச்சுட்டேன். ‘பணக் கவலையை வெல்வோம்.’ ஞாயித்துக்கிழம கல்யாண மண்டபத்துல கூட்டம், நா மேடையேறிப் பேசணும்ங்கிற. இந்தத் தெருவுல ஒத்த ரூவா கடன் இல்லாத பொம்பள நா ஒருத்திதான்னு எஸ்தர் சொன்னாளாக்கும். அவ சொல்லத்தான் செய்வா. முப்பது வருசமா மாசாமாசம் எங்கிட்ட வாங்கிட்டுப் போயி தபால் ஆபீஸ்ல கட்டுன ஏஜென்ட் அவதான. எம் பணத்துல வந்த கமிஷன்லயே ஒரு மகளக் கட்டிக் குடுத்திருப்பா.

வாரேன். வரமாட்டேன்னு சொல்லல. ஆனா என்னயப் பத்தி ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. அத நீ கண்டவ வாயால கேட்டுட்டு, மேடையில வச்சு என்னய ஒரு மாதிரியாப் பாக்கக் கூடாது பாரு. அதுக்கு நானே சொல்லிர்றேன். கேட்டுட்டு நீயே சொல்லு, நா செஞ்சதுல என்ன தப்புன்னு.

எங்க வீட்டுக்காரர் பேரு அய்யலுசாமி. முன்னெல்லாம் பேரச் சொல்ல மாட்டேன். இப்ப ஆளே போயாச்சு, பேர மறைச்சு என்ன செய்ய. இந்த ஊர்லதான் நூல் மில்லுல வேல பாத்தாக. கட்டிக்கிட்டு வரும்போது நல்ல வேலதான். மாசம் பொறந்தா சம்பளம், தீவாளிக்குப் போனஸ். எம் மகன் சீனிராஜுக்கு மூணு வயசாகையில மில்லப் பூட்டிட்டாக. போனஸ் சண்டையில ஆரம்பிச்சது, பதினோரு மாசம் கதவத் தெறக்கல. பதினோரு மாசம், தாயி. விரல விட்டு எண்ணிப் பாரு.

ஒரு நா பிள்ளைக்குக் காச்சல். கண்ணு மேல போயிருச்சு. டாக்டருக்கும் ஊசிக்கும் எறநூறு ரூவா வேணும். எங்கண்ணன் வீடு அடுத்த தெருதான். ஓடுனேன். அண்ணன் இல்ல, மதினி வாசல்ல வத்தல் காயப் போட்டுக்கிட்டு இருக்கா. விசயத்தச் சொன்னேன். "கொஞ்சம் பொறு"ன்னா. நா நிக்கேன். அவ ஒவ்வொரு மிளகாயா எடுத்து வரிசையாப் பரத்துறா. சாக்கு முழுசும் பரத்தி முடிச்சுட்டு, கையத் தட்டிட்டு, உள்ள போயி அம்பது ரூவா கொண்டாந்து குடுத்தா. குடுத்துட்டு, "இத நீ திருப்பித் தர வேண்டாம்"னா.

தர வேண்டாம்னு சொன்னா பாரு. அதுதான். கடனாக் குடுத்திருந்தா நா மனுசி. தர வேண்டாம்னா நா யாரு?

அன்னைக்கு முடிவு பண்ணேன். இந்த வீட்டுலருந்து இனிமே யாரும் இன்னொருத்தர் வாசல்ல போயி நிக்கக் கூடாது.

மில்லத் தெறந்தாக. மொதச் சம்பளம் வந்துச்சு. மளிகைக் கடையில பாக்கி கெடக்கு, வாடக கெடக்கு. இவுக வரும்போதே பாதிச் சம்பளத்தக் காணோம். கூட வேல பாக்கிறவனுக்கு ஆத்தா செத்துப் போச்சாம், எடுத்துப் போடக் காசில்லன்னு நின்னானாம், குடுத்துட்டு வந்துட்டாக. நா கத்துனேன். "அவனுக்கு யாரும் இல்ல கெங்கம்மா. நமக்காச்சும் உங்கண்ணன் வீடு இருக்கு"ன்னாக. அண்ணன் வீடாம்! வத்தல் கதைய நா அவுககிட்ட சொல்லல. சொன்னா சங்கடப்படுவாக.

அவுக கை ஓட்டக் கை, தாயி. நல்ல மனுசன், இல்லேங்கல. குடிக்க மாட்டாக, சீட்டாட மாட்டாக. ஆனா கேட்டவனுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துருவாக. டீக்கடையில நாலு பேரு நின்னா நாலு பேருக்கும் இவுகதான் காசு. நல்ல மனுசன் வீட்டுலதான் அடுப்பு அணையும்.

அதான் எங் கம்மல வித்தேன். பழைய கிரைண்டர் ஒண்ணு வாங்கி மாவு அரைச்சு விக்க ஆரம்பிச்சேன். இட்லி மாவு. இந்தத் தெரு, பின் தெரு, மில் காலனி வரைக்கும் எம் மாவுதான். அந்தா உள்ள ஓடுதுல்ல, அது மூணாவது கிரைண்டர். அந்த நேரத்துலதான் எஸ்தர் வந்தா. மாசம் அம்பது ரூவா கட்டுங்கக்கான்னா. அம்பது நூறாச்சு, நூறு முந்நூறாச்சு, முந்நூறு ஆயிரமாச்சு. அஞ்சு வருசம் முடிஞ்சா மொத்தத்த டெபாசிட்ல போட்டுட்டுப் புதுசா ஒண்ணு தொடங்குவேன். பாஸ்புக்கெல்லாம் அவகிட்டயே இருக்கும். அவுக ஷிப்டு போன நேரம் பாத்துத்தான் வருவா. "மாவு வித்து என்னத்த மிஞ்சுது?"ன்னு அவுக எப்பயாச்சும் கேப்பாக. "அரிசி உளுந்து போகக் கரண்டு பில்லுக்குச் சரியா இருக்கு"ம்பேன். அவுகளும் நம்பிக்கிருவாக. என்ன சொன்னாலும் நம்புற ஆளு.

இதுல பொய்யி என்ன இருக்கு? ஆத்திர அவசரத்துக்கு வேணும்லா? ஒரு வீடுன்னா ஒருத்தராவது சூதானமா இருக்கணும்.

சீனிராஜ் பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு. இஞ்சினியரிங் படிக்கணும்னான். இவுக பேங்க்குக்கு நடந்தாக, ஜாமீனுக்கு ஆள் கேட்டாக, ஒண்ணும் நடக்கல. கடைசியில பிள்ளையக் கூப்பிட்டு, "அப்பாவால முடியலடா, பாலிடெக்னிக் படிக்கியா?"ன்னு கேட்டாக. அவன் தலைய ஆட்டிட்டுப் போயிட்டான். அன்னைக்கு எஸ்தர் கையில என் காசு ஒண்ணேமுக்கால் லட்சம் இருந்துச்சு. ஆனா வெளிய எடுத்துட்டா அப்புறம் நிக்குமா அது? ஃபீஸுக்கு எடுத்தா, அடுத்து ஹாஸ்டலு, அடுத்து இன்னொண்ணு. நாலு வருசத்துல வழிச்சுத் தொடச்சுப் போயிரும். அடுத்து மில்லப் பூட்டுனா யாரு வாசல்ல போயி நிக்க? பாலிடெக்னிக் படிச்சு அவன் என்ன கெட்டா போயிட்டான்? ஓசூர்ல கம்பெனியில இருக்கான். சொந்தமா பைக்கு வச்சிருக்கான். மாலதின்னு நல்ல பொண்ணாக் கெடச்சுச்சு.

அப்புறம் நா பயந்த மாதிரியே மில்லு ஒரேயடியாப் போச்சு. செட்டில்மென்ட்டுன்னு ரெண்டு லட்சத்து எம்பதாயிரம் குடுத்தாக. அதுல ஒண்ணரை லட்சம் இவுக எவனுக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடனுக்குப் போச்சு. அவன் குடும்பத்தோட ஊரக் காலி பண்ணிட்டான். மிச்சம் மகன் கல்யாணத்துக்குச் சரியாப் போச்சு. இப்பச் சொல்லு, என் பணத்தையும் இவுககிட்டச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? நா நினைச்சது சரியாப் போச்சா இல்லையா?

மில்லு போனதுலருந்து அவுகளுக்குக் கவல பிடிச்சுக்கிருச்சு. பென்ஷன் ஆயிரத்து அறுநூத்தி அம்பது ரூவா. காலையில எந்திரிச்சு காலண்டர்ல தாளக் கிழிச்சதும், அந்தத் தாளு பின்னாடி கணக்குப் போட ஆரம்பிச்சுருவாக. அரிசி இவ்வளவு, பாலு இவ்வளவு, வீட்டு வாடக இவ்வளவு. கூட்டிக் கழிச்சுட்டுக் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருப்பாக. மறுபடி கூட்டுவாக. திரும்பக் கூட்டுனா கூடவா போகுது? ஒரே பாயிலதான் படுப்போம். நா படுத்ததும் தூங்கிருவேன். அவுகளுக்குத் தூக்கம் வராது. "எப்படி கெங்கம்மா உன்னால தூங்க முடியுது?"ன்னு ஒரு தடவ கேட்டாக. "நா இருக்கேன்ல, எதுக்குக் கவலப்படுறீக?"ன்னேன். நா மனசாரத்தான் சொன்னேன். அவுகளுக்கு அது வெறும் பேச்சாத் தெரிஞ்சிருக்கு.

அப்புறம் அங்க இங்கன்னு கெடச்ச வேலையெல்லாம் பாத்துட்டு, அறுபத்தோரு வயசுல ஜவுளிக்கடையில செக்யூரிட்டியாச் சேந்தாக. பஜார்ல பெரிய கடை. நீல யூனிபாரம், தொப்பி. காலையில ஒம்பதுக்குப் போயி நின்னா ராத்திரி எட்டு வரைக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு மட்டும் விடுவாக. கண்ணாடிக் கதவத் தெறந்து விட்டு வணக்கம் சொல்லணும். ஒம்பதாயிரம் சம்பளம். உட்காரக் கூடாது. ஒரு நா இவுக கூட வேல பாத்த ஆளு பொண்டாட்டி பிள்ளைகளோட சேலையெடுக்க வந்திருக்கான். இவுக கதவத் தெறந்து வணக்கம் சொல்லியிருக்காக. அவன் பதறிப் போயி கையப் பிடிச்சுக்கிட்டானாம். வீட்டுல வந்து சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக. கால் ரெண்டும் வீங்கி, வெரலால அமுக்குனா குழி விழும். நா வெந்நி வச்சுக் குடுப்பேன். இல்லேங்கல, நா பாக்காம இருந்ததில்ல. நல்லெண்ணெய் தேச்சு விடுவேன்.

அந்த வருசம் புரட்டாசி. ஞாயித்துக்கிழம. கடைக்கு வார லீவு. நா உளுந்து அலசிக்கிட்டு இருக்கேன். அவுக வந்து பக்கத்துல குத்த வச்சு உட்காந்தாக.

"கெங்கம்மா, ஒண்ணு கேட்டா உள்ளதச் சொல்லணும்."

"என்ன?"

"நம்மகிட்ட ஏதாச்சும் இருக்கா? நீ எதுவும் சேத்துக் கீத்து வச்சிருக்கியா?"

நா உளுந்தப் பாத்துக்கிட்டே, "எதுக்குக் கேக்கீக?"ன்னேன்.

"சும்மாதான். எவ்வளவு நாளைக்கு நிக்க முடியும்னு தெரியல. கொஞ்சம் இருக்குன்னு தெரிஞ்சா..."

முடிக்கல. அங்கயே நிப்பாட்டிட்டாக. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு தாயி. சத்தியமா வந்துச்சு. ஆனா அதுக்கு முந்துன வாரம்தான் பால்வண்ணன்னு ஒருத்தன் வந்து, மகளுக்கு ஆபரேசன், இருபதாயிரம் வேணும்னு இவுககிட்ட அழுதுட்டுப் போயிருந்தான். இப்ப நா வாயத் தெறந்தா அந்த இருபதாயிரம் சாயங்காலமே பால்வண்ணன் கையில இருக்கும். இது எனக்குத் தெரியாதா?

"என்னத்த இருக்கு? கரண்டு பில்லுக்கே சரியா இருக்கு"ன்னுட்டேன்.

"சரி விடு. இருந்தா நல்லாருக்குமேன்னு கேட்டேன்"னு சொல்லிட்டு, எந்திரிச்சு, நா அலசின தண்ணிய வாளியோட தூக்கிட்டுப் போயி செடிக்கு ஊத்துனாக.

ஐப்பசியில நெஞ்சு வலி. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், அந்தச் செலவெல்லாம் நாந்தான் பண்ணேன். ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு, "ரத்தக் கொழா அடைப்பு இருக்கும் போலருக்கு. மதுரைக்குப் போயி ஆஞ்சியோ எடுத்துருங்க. தள்ளிப் போடாதீங்க. அதுவரைக்கும் இந்த மாத்திரைய ஒரு நாள் கூட விடக் கூடாது"ன்னாரு. வெளிய வந்ததும் அவுக, "கெவர்மென்ட்டு இன்சூரன்ஸ் கார்டு இருக்கு. ஆனா அங்க போனா பத்து நா வேலைக்குப் போக முடியாது, இந்த வேல போயிரும். கார்டு போகக் கையிலருந்தும் கேப்பான். பெறகு பாப்போம்"னாக.

எனக்கு ஒரு டெபாசிட்டு சித்திரையில முடியுது. ரெண்டரை லட்சம். ஐப்பசியிலருந்து சித்திரை எத்தன மாசம்? ஆறுதான். நடுவுல ஒடச்சா வட்டியில பிடிச்சுக்கிருவான்னு எஸ்தர் சொன்னா. மாத்திரைதான் இருக்கே, சித்திரை வரைக்கும் ஓட்டிரலாம்னு நா கணக்குப் போட்டேன். சித்திரையில எடுத்து, சீட்டு விழுந்துச்சுன்னு சொல்லி, மதுரையில நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்துக் காட்டிரணும்னு இருந்தேன். யாருகிட்ட வேணும்னாலும் கேளு. எஸ்தருகிட்டக் கேளு, அவகிட்டச் சொல்லியிருக்கேன்.

அதுக்கப்புறம் அவுக ஆளே மாறிட்டாக. டீய விட்டாச்சு. சவரக் கடைக்குப் போறதில்ல, வீட்டுலயே வழிச்சுக்கிருவாக. பஸ்ஸுக்குப் பத்து ரூவான்னு, பஜாருக்கு நடந்தே போயி நடந்தே வருவாக. எவனாவது கடன் கேட்டு வந்தா, "இல்லப்பா"ன்னு அனுப்பிருவாக. உள்ளதச் சொல்றேன், எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். இந்த மனுசனுக்கு இப்பவாச்சும் சிக்கனம் வந்துச்சேன்னு.

தை மாசம், பொங்கல் கழிஞ்சு ஆறாவது நா. கடையில தள்ளுபடி. சரியான கூட்டமாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு நடந்து வந்திருக்காக. ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பாலம் இருக்குல்ல, அந்தக் கட்டையில உட்காந்திருக்காக. தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு. வெயிலுக்கு உட்காந்திருக்காருன்னு போறவன் வாறவன் நினைச்சிருக்கான். இளநி விக்கிறவன்தான் கிட்டத்துல போயிக் கூப்பிட்டுப் பாத்து ஆட்டோவுல ஏத்துனான். ஆஸ்பத்திரியில நாடி பாத்துட்டுக் கைய விரிச்சுட்டாக.

நா சோறு வடிச்சு வச்சுட்டு உட்காந்திருக்கேன்.

சாவு வீட்டுக்கு மதினி வந்தா. என்னயக் கட்டிப் பிடிச்சு அழுதா. அழுதுக்கிட்டே காதுக்குள்ள சொல்றா: "கார்த்திகை மாசம் வந்தாரும்மா. ஆஸ்பத்திரிக்கு இருபதாயிரம் கிடைக்குமான்னு கேட்டாரு. உங்கண்ணன் ஊர்ல இல்ல. நா இல்லேன்னுட்டேன். 'கெங்கம்மாகிட்டச் சொல்லிராதீக'ன்னு சொல்லிட்டுப் போனாரு. குடுத்திருக்கலாம்மா, பாவி நா."

எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. எந்த வாசல்ல இனிமே கால் வைக்கக் கூடாதுன்னு நா முப்பது வருசமாக் காத்தேனோ, அந்த வாசல்லயே போயி நின்னுருக்காக. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு. இத்தன வருசம் குடும்பம் நடத்துனவகிட்ட மறைச்சிருக்காக. இது எந்த ஊரு நியாயம்?

பதினாறாம் நா காரியம் முடிஞ்சு மறுநா. சீனிராஜும் மாலதியும் ஊருக்குக் கெளம்பல, இருந்தாக. மாலதி அவுக துணிமணியெல்லாம் எடுத்து ஒதுக்கிக்கிட்டு இருந்தா. யூனிபாரம் சட்டைப் பையில மாத்திரை அட்டை. அவ அதக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே நிக்கா. என்னன்னு கேட்டா, "அத்தை, டாக்டர் தேதி போட்டுக் குடுத்த சீட்டு இருக்கா?"ங்கிறா. எடுத்துக் குடுத்தேன். எண்ணிப் பாத்தா. மார்கழியோட தீந்திருக்க வேண்டிய மாத்திரை, தையிலயும் மிச்சம் இருக்கு. ஒரு நா விட்டு ஒரு நா தின்னுருக்காக. மாசத்துக்கு நானூத்தி இருபது ரூவா மாத்திரை. அத ரெண்டு மாசத்துக்கு இழுத்திருக்காக.

சீனிராஜ் அந்த அட்டைய வாங்கி வச்சுக்கிட்டுச் சின்னப் பிள்ள மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். "எனக்கு ஒரு போன் போட்டிருந்தா அனுப்பியிருப்பேனேம்மா. பைக்க வித்தாவது அனுப்பியிருப்பேனே. நல்லாருக்கோம், நல்லாருக்கோம்னே சொன்னாரே"ன்னான். எனக்கும் அழுகதான். கட்டுன புருசன்ல்ல.

அந்த நேரம் பாத்து எஸ்தர் வந்தா. அவளுக்கு என்ன தெரியும்? துக்கம் விசாரிச்சா, உட்காந்தா, பையத் தெறந்து பாஸ்புக்கையெல்லாம் எடுத்து வெளிய வச்சா.

"அக்கா, இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான். ஆனா விட்டா மறந்துரும். எல்லாத்துலயும் நாமினி உங்க வீட்டுக்காரர் பேருலதான் இருக்கு. மாத்தணும். தம்பி இருக்கும்போதே ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடுத்துட்டாகன்னா முடிச்சிரலாம்."

சீனிராஜ் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, "என்ன நாமினி?"ன்னான்.

"அம்மா டெபாசிட்டுக்குத்தான் தம்பி. மொத்தம் ஒம்பது லட்சத்து நாப்பதாயிரம்."

ஒரு பாஸ்புக்க எடுத்தான். பாத்தான். அடுத்தத எடுத்தான். எல்லாத்தையும் பாத்தான். அவசரமே படல.

"இது எப்பருந்து இருக்கு?"

"நீ பால்வாடி போகயிலருந்து"ன்னேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மிஞ்சியிருக்குமா?"

"அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும் தெரியாதா?"

"எல்லாம் உனக்குத்தானப்பா. நா என்ன தலையிலயா கட்டிட்டுப் போகப் போறேன்? அவுக பேருலதான நாமினி போட்டேன், எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவுக கஷ்டப்படக் கூடாதுன்னுதான போட்டேன்"னேன். அவன் காதுல எதுவும் ஏறல.

"மாத்திரைய ஒரு நா விட்டு ஒரு நா தின்னாரும்மா."

"எங்கிட்ட கேக்கலயேப்பா. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? நானூத்தி இருபது ரூவா குடுக்க மாட்டேனா நா?"

கேக்கலதான, தாயி? புரட்டாசியில கேட்டது மாத்திரைக்கில்ல. அப்ப நெஞ்சு வலியே வரல. அது சும்மா பொதுவாக் கேட்டது. இருக்கா இல்லையான்னு கேட்டாக, அவ்வளவுதான். அத நா சீனிராஜ்கிட்டச் சொல்லல. சொன்னா வேற மாதிரி எடுத்துக்கிருவான்.

அன்னைக்குச் சாயங்காலப் பஸ்ஸுக்கே கெளம்பிட்டாக. வாசல்ல எறங்கும்போது மாலதி திரும்பி, "அத்தை..."ன்னா. என்னமோ சொல்ல வந்தா. அவன் பையத் தூக்கிட்டு முன்னால போயிட்டான், அவளும் பின்னாலயே போயிட்டா. எஸ்தர் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தா, "நா வந்திருக்கக் கூடாதோக்கா? நா வந்திருக்கக் கூடாதோ?"ன்னு. அவ மேல என்ன தப்பு இருக்கு? ஆனா அவதான் ஊருக்குள்ள சொல்லிட்டா. அவ வாய் சும்மா இருக்காது. தெருவுல இப்ப என்னயப் பாத்தா, "ஒம்பது லட்சத்த வச்சுக்கிட்டு புருசன நடக்க விட்டவ"ங்கிறாக. எம் முன்னால சொல்ல மாட்டாக. எம் முன்னால மாவு வாங்கிட்டுப் போவாக. ஆத்திர அவசரத்துக்குக் கைமாத்தும் கேப்பாக. நா இல்லேன்னுருவேன்.

நா தின்னேனா அந்தக் காச? ஒரு பட்டுச் சேல எடுத்தேனா? ஒரு பொட்டு நகை செஞ்சேனா? கம்மல வித்தவ, இன்னைக்கு வரைக்கும் கவரிங் தோடுதான் போட்டிருக்கேன், பாரு. எம் பொறந்த வீட்டுக்கு ஒரு ரூவா போச்சா? பயந்தேன், சேத்தேன். இதுக்கு இந்தப் பேச்சு. எல்லாரும் அவுகளத்தான் நல்லவுகங்கிறாக. குடுத்துக் குடுத்தே அழிச்சவுக நல்லவுக, சேத்து வச்சவ கெட்டவ.

கூட்டத்துக்கு வாரேன் தாயி. எனக்கென்ன பயம்? மொதல்ல சேமிப்பு, அப்புறம்தான் செலவுன்னு சொல்றேன். இப்ப எனக்கு எந்தக் கவலையும் இல்ல. மழை பேஞ்சா என்ன, மில்லு பூட்டுனா என்ன. மாவு கூட இப்பத் தேவையில்லதான், சும்மா இருக்க முடியாம அரைக்கேன்.

மகன் வாரானான்னா கேக்க?

வரல. ரெண்டு வருசமாகப் போகுது. பேசுறதில்ல. ஆனா மாசம் பொறந்தா அஞ்சாந்தேதி டான்னு மூவாயிரம் என் பேங்க்ல ஏத்தி விட்டுருவான். எங்கிட்ட இருக்கிறது அவனுக்குத் தெரியும், நா கேக்கவும் இல்ல. மகன் செய்ய வேண்டியதச் செய்றான் போல. நா அதுல கை வைக்கிறதில்ல. எஸ்தர்கிட்டக் குடுத்து அவன் பேருல தனியா கட்டிக்கிட்டு வாரேன். அவ கூடக் கேட்டா, "இன்னும் எதுக்குக்கா சேக்கிறீக?"ன்னு. கூறு கெட்டவ.

போன தை மாசம் அவுக மொத வருசத் திதி. வருவான்னு நினைச்சேன். அவனுக்குப் பிடிச்ச மாதிரி வெண்டைக்கா புளிக்குழம்பு, பருப்புப் பாயாசம் எல்லாம் வச்சுட்டு, பதினோரு மணி பஸ் பாத்தேன், ஒரு மணி பஸ் பாத்தேன். பொறுக்க முடியாம நானே போன் போட்டேன். எடுத்தான். ஒரு வருசங் கழிச்சு அவன் குரல அன்னைக்குத்தான் கேக்கேன். "இங்கயே காலையில குடுத்துட்டேன்"னான். வேற எதுவும் இல்ல. நா இருக்கேனா செத்தேனான்னு கேக்கல. எதாச்சும் பேசணும், போன வச்சுரக் கூடாதேன்னு மனசு அடிச்சுக்கிருது.

"அய்யருக்கு எவ்வளவு குடுத்தப்பா? மொத்தமா எவ்வளவு செலவாச்சுன்னு சொல்லு, அம்மா தந்துர்றேன்"னேன்.

அந்தப் பக்கம் ரோட்டுல வண்டி போறது மட்டும் கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு. அப்புறம் வச்சுட்டான்.

அடுத்து ரெண்டு வாரம் இருக்கும். மாவு அள்ளிக்கிட்டு நிக்கேன், உள்ள போன் சத்தம். அவன்தானோன்னு மாவுக் கையோட ஓடிப் போயி எடுத்தேன். அன்னைக்கு அஞ்சாந்தேதி. மூவாயிரம் வந்துருச்சுன்னு பேங்க்லருந்து மெசேஜ்.